இவர் எங்கே தங்குவார்?

ஜூலை பிற்பாதியில் கிரீஸ் நாட்டுத் தீவு ஒன்றில் பன்னிரண்டு நாள் தங்குவதற்கு ஹாலிதாவுக்கு ஓர் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளுக்காக ஒன்றரை மாதமாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் முகம்மது சித்தீக் வளைகுடா நாட்டில், முசஃபாவில் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தான். காலையில் அவன் கடைக்குக் கிளம்பிய கையோடு ஐபேடைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்துவிடுவாள். அங்கே கனகா மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள், அல்லது வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

"கனகாக்கா, இதப் பாருங்களேன். சாண்டோரினியாம். வீடெல்லாம் வெள்ளை வெளேர்னு எவ்வளவு அழகு!"

"அழகாதான் இருக்குது மேடம்."

"ஆனா ஏறி இறங்க ஒரே படியாம். அஃபீஃபா பண்ணுற வாலுத்தனத்துக்கு அது சரிப்படாது, என்ன?"

"அதுவும் சரிதான் மேடம்."

கனகா அந்த வீட்டில் நாலு வருஷமாக வேலை செய்கிறாள். சமையல், துணி, அப்புறம் அவர்கள் மகள் நாலு வயசு அஃபீஃபா. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள், கிரீஸ் என்ற பேரையே அதுவரை கேள்விப்பட்டதில்லை. இப்போதோ பாரோஸ், நாக்சோஸ், கிரீட் என்று வரிசையாக ஒப்பிப்பாள். எந்தத் தீவில் காற்று பலம், எந்தக் கடற்கரையில் அலை கம்மி என்று கேட்டால் ஹாலிதாவுக்கு முன்னால் அவள் பதில் சொல்லிவிடுவாள்.

சித்தீக் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தான். "ஹோட்டல்லாம் வேணாம். அங்க போயி ஹலால் கறிக்கு நான் தெருத்தெருவா அலையணுமா? கிச்சன் இருக்குற வில்லாவா பாரு. கனகாக்கா கூட வந்தா மீனை வாங்கிக் கொழம்பு வெச்சிருவாங்க. கலாஸ், அவ்வளவுதான்!"

ஆக, வில்லா என்றால் கனகாவும் போகவேண்டும். ஹோட்டல் என்றால் அவளுக்கு அங்கே வேலையே இல்லை. ஹாலிதா நாக்சோஸில் ஒரு வில்லாவைப் பிடித்தாள். மூன்று படுக்கையறை, பெரிய சமையல்கட்டு, வாசலிலேயே நீச்சல்குளம். கனகாவுக்கென்று தனி அறை வேறு. "உங்க ரூம்லருந்தே கடல் தெரியுமாம் கனகாக்கா!" என்று குதித்தாள். மனசில் கள்ளம் இல்லாத பொண்ணு அவள். இந்தக் கதையில் அவளை வில்லியாக்கிப் பார்க்க நினைப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

பக்கத்து ஷாபியாவில் டிராவல்ஸ் வைத்திருந்த சாகிர் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஃபைலாக விசாவுக்கு எழுதிப் போட்டான். ஜூன் இருபதாம் தேதி போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தார்கள். நாலு வருஷமாக சித்தீக்கின் பீரோவில் 'பத்திரமா இருக்கட்டும்' என்று கிடந்த கனகாவின் பாஸ்போர்ட், மற்ற மூன்றோடும் சேர்ந்து விசா சென்டருக்குப் போனது. ஜூலை பத்துக்குள் திரும்பி வந்துவிடும் என்றான் சாகிர்.

கனகாவுக்கு ஒரே மகள், அகிலா. கட்டிக்கொடுத்து ஐந்து வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் தரித்திருந்தது. ஏழாம் மாதம். ஆகஸ்ட் கடைசியில் பிரசவம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்கவேண்டும். அகிலாவுக்குத் தாயைத் தவிர வேறு நாதியில்லை. தகப்பன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது.

கனகா முன்கூட்டியே லீவு கேட்டுத்தான் வைத்திருந்தாள். ஹாலிதாவும் இல்லை என்று சொல்லவில்லை. "ட்ரிப் முடிச்சுட்டு வந்ததும் ஆகஸ்ட் பூராவும் போயிருந்துட்டு வாங்கக்கா. பிரசவத்தக் கூட இருந்து பாத்துட்டு வாங்க" என்றாள். நியாயமான பேச்சு. கனகாவுக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது, சம்பந்தியம்மா பஞ்சவர்ணம் போன் பண்ணும் வரைக்கும்.

"ஆனி கடேசி முகூர்த்தத்துல வளகாப்பு வெச்சுடலாம்னு இருக்கோம். அத வுட்டா ஆடி பொறந்துடும். ஜூலை அஞ்சாம் தேதி. வளகாப்பு முடிஞ்ச கையோட நீங்க பொண்ண அழைச்சிக்கிணு போவணும், அதானே மொறை? நீங்க வருவீங்களா, இல்ல பொண்ணு இங்கயே கெடக்கட்டுமா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் கனகாவைத் தைத்துவிட்டது. நாலு வருஷமாக பஞ்சவர்ணத்திடம் அவள் விட்டு வைத்திருந்த பீலா கொஞ்சநஞ்சமல்ல. எங்க மேடம் என்னைத் தங்கமாட்டம் வெச்சிருக்குறாங்க, கூடப் பொறந்தவ மாதிரி, நான் நெனச்சா அடுத்த நாளே பிளேன் ஏறிடுவேன். இப்போது 'லீவு இல்லை, அவர்களுக்குச் சமைக்க கிரீஸுக்குப் போகிறேன்' என்று எந்த வாயால் சொல்லுவாள்?

"என் பொண்ணு ஏன் அங்க கெடக்கணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்? வளகாப்ப வைங்க. பக்கத்து வூட்டுக் கோமதி வந்து அழைச்சிக்கிணு போவும். பத்தாந்தேதி நான் அங்க இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

வீம்பு. வேறென்ன சொல்வது அதை? பத்தாந்தேதிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. வில்லா வில்லாவாகவே இருந்தால் அவளை விடமாட்டார்கள். ஹோட்டலானால் அவள் போகலாம். அவ்வளவுதான் கணக்கு.

மறுநாள் காலை ஹாலிதா வழக்கம்போல ஐபேடோடு வந்தாள். நாக்சோஸ் வில்லாவின் சமையல்கட்டில் என்னென்ன பாத்திரம் இருக்கிறது என்று பெரிதுபண்ணிக் காட்டினாள். கனகா படத்தைப் பார்க்கவில்லை.

"மேடம், சொல்லலாமா வேணாமான்னு இருக்குது."

"என்னக்கா?"

"காலங்காத்தால ஒரு கனா கண்டேன் மேடம். மனசே சரியில்ல."

ஹாலிதாவின் விரல் நின்றுவிட்டது. அவளுக்குக் கனவு என்றால் உயிர்ப்பயம் என்பது கனகாவுக்குத் தெரியும். அவள் உம்மா மவுத்தான வாரத்தில் ஒரு கனவு கண்டதைப் பத்துத் தடவை சொல்லி அழுதிருக்கிறாள்.

"அந்த வெள்ளை வூட்டு வாசல்ல கொளம் இருக்குதே, அது தெரிஞ்சிது மேடம். பாப்பாவோட ரோஸ் சட்டை அதுல மெதக்குது. நான் கூப்புடுறேன், கூப்புடுறேன், பாப்பா திரும்பவே இல்ல."

ரோஸ் சட்டையைச் சொல்லவேண்டும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வாயில் வந்துவிட்டது. ஹாலிதா ஐபேடை மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யா அல்லாஹ்! கெட்ட கனவ வெளிய சொல்லக்கூடாதுக்கா. இனிமே யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றவள் ஓடிப்போய், தூங்கிக்கொண்டிருந்த அஃபீஃபாவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓத ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் சமையல்கட்டுவரை கேட்டது. தன் இடுப்பிலேயே வளர்ந்த குழந்தையைத் தன் வாயாலேயே தண்ணீரில் மிதக்கவிட்டோமே, இந்த வாய் அழுகித்தான் போகும் என்று கனகா நினைத்தாள். ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. குழந்தை எழுந்து வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போட்டாள். அதற்கென்று ஒரு பாவமன்னிப்பு இருந்தால் அது அவ்வளவுதான்.

கடையிலிருந்து வந்த சித்தீக், "கனவாவது மண்ணாவது! ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல?" என்று கத்தினான். ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டின்போது மகளை மடியைவிட்டு இறக்கவேயில்லை. மறுநாள் அவனே சாகிரைக் கூப்பிட்டு வில்லாவை கேன்சல் பண்ணச் சொன்னான். கிரீட்டில் ஒரு ஹோட்டல். குழந்தைகள் குளத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். எந்நேரமும் காவலுக்கு ஆள். சொல்லி வைத்தால் ஹலால் சாப்பாடும் கிடைக்கும். மூன்று பேருக்கு ஓர் அறை.

"அப்ப நான் ஊருக்குப் போயிட்டு வந்துடட்டுமா மேடம்?"

"தாராளமாப் போயிட்டு வாங்கக்கா. பாஸ்போர்ட் கையில வந்த மறுநாளே டிக்கெட் போட்டுர்லாம். ஒங்க கனவுதானே எங்களக் காப்பாத்துச்சு!"

கனகா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அழுதாள். பிறகு அகிலாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள்: "கண்ணு, பத்தாந்தேதி அம்மா வந்துடறேன். உனுக்கு என்ன வேணும்னு சொல்லு."

மூன்று நாள் கழித்து சாகிர் வீட்டுக்கே வந்தான்.

"ஒரு சின்னச் சிக்கல் பாய்" என்று சித்தீக்கிடம் ஒரு பேப்பரை நீட்டினான். "மொதல்ல கொடுத்தது வில்லா புக்கிங், நாலு பேரு. இப்பக் கொடுத்தது ஹோட்டல் புக்கிங், மூணு பேரு. விசா ஆபீஸ்ல கேள்வி வந்துருக்கு. கனகாக்கா பேரப் போட்டு, இவர் எங்கே தங்குவார்னு கேக்குறாங்க."

"எங்கயும் தங்க மாட்டாங்க. அவங்க வரலை. அவங்க பேர எடுத்துரு."

"எடுக்கலாம். ஆனா ஒரே ஃபைல். ஒரு பேர எடுத்தா நாலயும் திரும்ப முதல்லருந்து போடணும். ஒங்க ட்ரிப் அம்பேல்." சாகிர் கனகாவைத் திரும்பிப் பார்த்தான். "பேருக்கு அந்த ரூம்ல ஒரு எக்ஸ்ட்ரா கட்டில் போட்டு, இவங்களையும் சேத்து அனுப்பிடறேன். விசா வந்ததும் இவங்க பாட்டுக்கு ஊருக்குப் போகட்டும். என்னக்கா? நாலஞ்சு நாள் லேட்டாகும், அவ்வளவுதான்."

வேண்டாம், என் பாஸ்போர்ட்டை இப்போதே வாங்கிக் கொடுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்களுடைய பயணம் கெடும். பயணம் கெட்டால் சித்தீக் சிடுசிடுப்பான். அப்புறம் லீவு என்ற பேச்சையே எடுக்கமுடியாது. "சரிங்க தம்பி" என்றாள்.

ஜூலை அஞ்சாம் தேதி வளைகாப்பை வீடியோ காலில் பார்த்தாள். அகிலாவின் இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். முகம் ஊதியிருந்தது. காலும் வீங்கியிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மாசமாக இருந்தால் அப்படித்தான் என்று இன்னொருத்தி சொன்னாள். அன்று சாயங்காலம் அகிலாவைக் கொண்டுபோய்க் கனகாவின் வீட்டில் விட்டார்கள். ராத்திரித் துணைக்குப் பக்கத்து வீட்டுக் கோமதி. பகலில் அவள் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவாள்.

பத்தாம் தேதி வந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. "ஏம்மா, கெளம்பிட்டியா?" என்று அகிலா கேட்டாள். "ரெண்டு நாள்ல கண்ணு" என்றாள் கனகா. பன்னிரண்டாம் தேதியும் அதே பதில். "தலை வலிக்குதும்மா, கண்ணு மினுமினுன்னு இருக்குது" என்றாள் அகிலா. "வெயில்ல போவாத. கொஞ்சம் படு. நான் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைச்சிக்கிணு போறேன்" என்றாள் கனகா. அப்போதே அவளை மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லியிருக்கலாம். பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு 'தாயே, என்னால் வரமுடியவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று காலில் விழுந்திருக்கலாம். மானம் போய்விடும் என்று பார்த்தாள். பாழாய்ப்போன மானம்!

பதினாறாம் தேதி காலை அகிலாவுக்கு வலிப்பு வந்தது. கோமதி வேலைக்குப் போன பிறகு கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். மத்தியானம் சாப்பாடு கொடுக்க வந்த கோமதியின் மருமகள் தட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கூச்சல் போட்டாள். ஆட்கள் கதவை உடைத்தார்கள். நூற்றெட்டு வந்தது. அகிலா பிழைத்தாள். பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

செய்தி வந்தபோது கனகா அஃபீஃபாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வாட் ஹேப்பன்ட், கனகாம்மா?" என்று குழந்தை அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிற்று.

சித்தீக்கையும் குறை சொல்லமுடியாது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். விசா சென்டரில், பாஸ்போர்ட் இங்கே இல்லை, எம்பசிக்குப் போய்விட்டது என்றார்கள். அங்கே கேட்டால், முடிவானதும் தானாக வரும் என்றார்கள். அவசரத்துக்கு வேறு காகிதம் வாங்க வழி உண்டா என்று விசாரித்தான். பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் உண்டாம். இது தொலையவில்லையே, இருக்கிற இடம் எல்லாருக்கும் தெரிந்துதானே இருக்கிறது!

கனகாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சும்மா இருந்திருந்தால் நாக்சோஸ் வில்லாவோடு ஃபைல் பத்தாம் தேதி வெளியே வந்திருக்கும். பாஸ்போர்ட் பீரோவில் இருந்திருக்கும். தலைவலி என்று சொன்ன அன்றைக்கே, மேடம் காலில் விழுந்தாவது பிளேன் ஏறியிருப்பாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரு பொய் போய், ஃபைலை மறுபடி வரிசையின் கடைசியில் உட்கார்த்தி வைத்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

போதாக்குறைக்கு ஹாலிதா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அந்தக் கனவு ஒங்களுக்குத்தான்க்கா வந்துருக்கு. அல்லாஹ் எங்க புள்ளைக்குன்னு காட்டி, ஒங்க வீட்டுல..." கனவே காணவில்லை என்று அந்த இடத்தில் கனகா எப்படிச் சொல்லுவாள்?

நாலு நாள் கழித்து அகிலா பேசினாள். குரல் உடைந்து கரகரவென்று இருந்தது.

"ஏம்மா, பத்தாந்தேதின்னு சொன்னியே."

"கண்ணு, பாஸ்போர்ட்டு..."

"கதவத் தட்டுனது எனக்குக் கேட்டுதும்மா. நீதான் வந்துட்டன்னு நெனச்சேன். எழுந்துக்க முடியல."

"அம்மா வந்துடறேன்டி. எப்பாடு பட்டாவது வந்துடறேன்."

"ஆம்பளப் புள்ளையாம். அத்தைதான் சொன்னாங்க. நான் பாக்கல. இனிமே வந்து இன்னா பண்ணப் போற? நான் அவுங்க வூட்டுக்கே போயிட்டேன். நீ வராத. அங்கயே இரு."

போன் அணைந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அன்றைக்குப் பதினேழு தடவை கூப்பிட்டாள். மறுநாள் பஞ்சவர்ணம் எடுத்து, "அதுக்கு ஒடம்பு தேறட்டும், தொந்தரவு பண்ணாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இருபத்தோராம் தேதி பாஸ்போர்ட்டுகள் வந்தன. நாலிலும் விசா ஒட்டியிருந்தது. கனகாவினுடையதை ஹாலிதா திறந்து காட்டினாள். கைரேகை வைத்த அன்று எடுத்த படம், வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு அவளே அதில் நின்றாள். "சாகிர்கிட்டச் சொல்லி நாளைக்கே திருச்சிக்கு டிக்கெட் போடச் சொல்லவா?" என்று ஹாலிதா கேட்டாள். கனகா, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இதிலே யோசிக்க என்ன இருக்கிறது? ஓடியிருக்க வேண்டாமா? மகள் ஆயிரம் சொல்லுவாள். அவள் வாசலில் போய் விழுந்து கிடக்கவேண்டாமா? கனகாவுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த உடைந்த கதவு, அதைத் தாண்டி உள்ளே போவது, தெருவில் ஒவ்வொருத்தியாக வந்து நின்று பார்ப்பது என்று நினைக்கும்போதெல்லாம் கால் வரவில்லை.

அன்று சாயங்காலம் அஃபீஃபாவை விளையாடக் கீழே கூட்டிப்போனாள். மூன்றாம் மாடியில் சமையல் வேலை செய்யும் ஷம்சாத், பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். நாகூர்ப் பக்கத்துக்காரி. அவளுக்கு எதுவும் தெரியாது.

"என்ன கனகாக்கா, கண்ணுலயே காணோம்! மகளுக்கு நாள் நெருங்கிருச்சுல்ல? என்ன, பொறந்துருச்சா?"

"ம்" என்றாள் கனகா.

"அல்ஹம்துலில்லாஹ்! பேரனா பேத்தியா?"

கனகா ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த அஃபீஃபாவையே பார்த்தாள். "பேரன்" என்றாள்.

"மாஷா அல்லாஹ்! மிட்டாய் எங்க? சும்மா வாயால சொல்லிட்டுத் தப்பிச்சிரலாம்னு பாக்காதீங்க!"

"வாங்கித் தரேன்" என்றாள் கனகா. ஷம்சாத் விடவில்லை. யார் ஜாடை, என்ன நிறம், பேர் வைத்தாயிற்றா, போட்டோவைக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள்.

ஹாலிதா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கனகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. ஊருக்குப் போக மனசில்லாட்டி எங்ககூடவே வந்துருங்க. விசா இருக்கு, கட்டிலும் போட்டிருக்காங்க. நீங்க ஒரு வேலையும் பாக்க வேணாம். அஃபீஃபாகூடச் சும்மா இருங்க. ஒங்களத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு பயமா இருக்கு."

கனகா ஹாலிதாவின் கட்டில் முனையில் உட்கார்ந்தாள். நாலு வருஷத்தில் அவள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஹாலிதாவும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"மேடம், அங்க நம்ம ஊரு ஜனங்க யாராச்சும் இருப்பாங்களா?"

"கிரீட்லயா? இருக்க மாட்டாங்கக்கா. தமிழ் பேச ஒரு ஆள்கூட இருக்காது. ஏன், ஒங்களுக்குப் பொழுது போகாதுன்னு பாக்குறீங்களா?"

"அதில்ல மேடம்" என்றாள் கனகா. "அப்ப யாரும் கேக்க மாட்டாங்க இல்ல? நான் வரேன்."